ரீகன் பேசிய இடம்: ஜூன் 12 அன்று பெர்லினில் எங்கே போய் நிற்பது?

மதுரைக்காரன்:
வணக்கம். படிப்புக்காக பெர்லின் வந்து எட்டு மாதம் ஆகிறது. 1987 ஜூன் 12 அன்று பிராண்டன்பர்க் வாசல் முன்னால் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவரைப் பற்றி சோவியத் தலைவரை அழைத்துப் பேசினாரே, "மிஸ்டர் கோர்பச்சேவ், இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்" என்று, அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்காக அப்பா என்னை மனப்பாடம் செய்ய வைத்தார். இந்த வருடம் அந்தத் தேதியில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வாசலை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டேன், கல்வெட்டு எதுவும் கண்ணில் படவில்லை. வகுப்பில் ஜெர்மன் நண்பனிடம் கேட்டால் "கென்னடியைச் சொல்கிறாயா?" என்கிறான். அன்றைக்கு பெர்லினில் இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

நிலா (ஹாம்பர்க்):
தம்பி, நிமிர்ந்து தேடினால் கிடைக்காது, தரையைப் பாருங்கள். பேச்சின் 25ஆம் ஆண்டில், 2012இல், வாசலுக்கு மேற்குப் பக்கம் தரையிலேயே ஒரு பலகை பதித்தார்கள். சிலை ஒன்றும் இருக்கிறது, ஆனால் 2019இல் அமெரிக்கத் தூதரகத்தின் மொட்டை மாடியில் வைத்தது. நினைத்தபோது ஏறிப் பார்க்க முடியாது. கென்னடி பேசியது 1963 ஜூன் 26, ஷோனபெர்க் நகர மன்றத்தின் முன்னால். அந்தச் சதுக்கத்துக்கே அவர் பெயர்தான். உங்கள் நண்பர் குழப்பிக்கொண்டது அதனால் இருக்கும்.

கரவெட்டியான்:
தம்பி, நான் இருந்தனான். ஆனா வாசலடியில இல்லை. மேற்கு பேர்லின் கிறொய்ஸ்பேர்க்கில, ஷ்லேசிஷஸ் தோர் ஸ்ரேசனுக்குக் கிட்ட, ஒரு அறையில நாலு பேர் இருந்தம். முதல் நாள் றீகனுக்கு எதிரா 50,000 பேர் ஊர்வலம் போனவை. அந்தச் சனம் திரும்ப வரக்கூடாதெண்டு அடுத்த நாள் எங்கட பகுதியையே பொலிஸ் அடைச்சுப்போட்டுது. யூ1 ரெயினும் ஓடேல்ல. நான் கோப்பை கழுவிற சாப்பாட்டுக் கடைக்குப் போகேலாமல் பாதி வழியில திரும்பி வந்தனான். பேச்சைப் பின்னேரம் பக்கத்து வீட்டுத் துருக்கி அண்ணையின்ர ரீவியிலதான் பாத்தது. மனுசனுக்குப் பின்னால குண்டு துளைக்காத கண்ணாடி, கண்ணாடிக்கு அங்கால மதில், மதிலுக்கு அங்கால வாசல். எனக்கு அப்ப ஜேர்மன் அரைகுறை. "மதிலை இடியுங்கோ" எண்டது மட்டும் வடிவா விளங்கினது.

நான் அந்த மதிலைத் தாண்டி வந்த ஆள். 84 கார்த்திகை. ஊரில ஆமி பெடியளைச் சுத்திவளைச்சுப் பிடிச்சுக்கொண்டு போன காலம். மொஸ்கோவில பிளேன் மாறி, கிழக்கு பேர்லின் ஷோனபெல்டில இறங்கி, ட்ரான்சிட் விசாவோட பிறீட்றிக்ஸ்ராச ஸ்ரேசனுக்கு வந்தன். கிழக்கு அதிகாரி முத்திரையைக் குத்தி விட்டான். மேற்குப் பக்கம் பாஸ்போட் பாக்க ஆளே இல்லை. பேர்லின் ஒரே நகரம், நடுவில இருக்கிறது எல்லை இல்லை எண்டதுதான் மேற்கின்ர நிலைப்பாடு. எல்லை இல்லாத இடத்தில ஆரைச் சோதிக்கிறது? எங்கட சனம் ஆயிரக்கணக்கில இப்பிடித்தான் வந்து சேர்ந்தது. 85 ஆடியில கிழக்கு அரசு அந்தப் பாதையை எங்களுக்கு அடைச்சுப்போட்டுது.

ஸ்ரேசன் வாசலில ஒரு கண்ணாடிக் கட்டிடம். இப்ப மியூசியம், கண்ணீர் மாளிகை எண்டு பேர். நான் வந்த அண்டைக்கு அதுக்கு முன்னால ஒரு தாய், மேற்கில இருந்து பாக்க வந்த மகளைக் கட்டிப்பிடிச்சபடி நிண்டவா. மகள் உள்ள போகலாம், தாய் போகேலாது. அவா பிறந்த ஊரப்பா அது. ஊர்ப் பேரே வாயில நுழையாத நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ள போறன், அவா வெளிய நிக்கிறா. ரீவியில றீகன் அந்த வசனத்தைச் சொல்லேக்க எனக்கு அவாவின்ர முகம்தான் வந்தது. இண்டைக்கும் ஜூன் 12 எண்டால் அதுதான் வரும்.

செல்வி (தஞ்சை):
ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனாலும் இந்தப் பேச்சைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பேசி இருபது மாதம் கழித்தும், 1989 பிப்ரவரியில், கிறிஸ் கியூஃப்ராய் என்ற 20 வயதுப் பையனை அந்தச் சுவரடியில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கர் இந்தச் சுவர் இன்னும் 50 வருடம், 100 வருடம் நிற்கும் என்றார். சுவரைத் திறக்க வைத்தது 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெறுங்கையோடு தெருவுக்கு வந்த 70,000 பேரும் அவர்களைப் போன்றவர்களும்தான். ஒரு அதிபர் ஒரு வரி சொன்னார் என்பதற்காக அவருக்குப் பலகையா?

கரவெட்டியான்:
பிள்ளை, லைப்சிக் சனத்துக்கு முன்னால நானும் தலை வணங்கிறன். ஆனா அந்த வரி ஆரின்ர வரி எண்டு கேளுங்கோ.

உரை எழுதின பீற்றர் றொபின்சன் பேச்சுக்கு முந்தி பேர்லினுக்கு வந்தவர். இங்க ஒரு வீட்டில இராச்சாப்பாடு. மதில் உங்களுக்குப் பழகிப்போச்சோ எண்டு கேக்க, வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்திட்டுது. கோர்பச்சேவ் தன்ர சீர்திருத்தக் கதையை மெய்யாத்தான் சொல்லுறார் எண்டால் இந்த மதிலை அகற்றிக் காட்டட்டும் எண்டு சொல்லியிருக்கிறா. அதுதான் உரைக்குள்ள போனது. வெளியுறவுத் துறை வெட்டச் சொன்னது, பாதுகாப்பு ஆலோசகர் பக்கமும் வெட்டச் சொன்னது. றீகன் விடேல்ல. அந்த மனுசனோட எனக்கு எத்தினையோ விசயத்தில ஒத்துப்போகாது, ஆனா விடாமல் நிண்டதுக்கு நான் நன்றி சொல்லுவன்.

இன்னொண்டு. அவர் வாறதுக்கு 4 நாளைக்கு முந்தி, ஜூன் 8, மேற்கில றைஷ்ராக் எண்ட பாராளுமன்றக் கட்டிடத்துக்கு முன்னால பாட்டுக் கச்சேரி. மதிலுக்கு அங்கால உன்ரர் டென் லின்டன் றோட்டில கிழக்குப் பெடியள் காது குடுத்துக் கேட்டுக்கொண்டு நிண்டவை. பொலிஸ் கலைக்கப் பாக்க, "மதில் போகோணும்" எண்டு அவையள் கத்தினவை. கோர்பச்சேவின்ர பேரையும் சொல்லிக் கத்தினவை. அடிவாங்கிப் பிடிபட்ட பெடியளுக்கு எந்த மேடையும் இருக்கேல்ல.

அதால நான் அந்தப் பலகையடியில நிக்கேக்க அந்த வீட்டுக்காரம்மாவையும் அந்தப் பெடியளையும் சேத்துத்தான் நினைக்கிறனான்.

மதுரைக்காரன்:
ஐயா, பேச்சுப் போட்டியில் அந்த வரிக்குக் கையை ஓங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோபமாகச் சொன்ன வார்த்தை என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். பலகையைப் பார்த்த பிறகு எங்கே போகட்டும்?

கரவெட்டியான்:
எங்கட பக்கம் வாங்கோ தம்பி, ஓபர்பௌம் பாலத்தடிக்கு. அங்க ஷ்ப்றே ஆறு முழு அகலமும் கிழக்குக்குச் சொந்தம், இந்தக் கரை மட்டும் மேற்கு. 1975 மே 11, ஒரு துருக்கிப் பிள்ளை பந்தை எடுக்கப் போய் விழுந்திட்டான். அண்டைக்கு அவனுக்கு அஞ்சாவது பிறந்தநாள். மேற்குத் தீயணைப்புக்காரர் கரையில நிண்டவை, தண்ணிக்குள்ள இறங்க அனுமதி இல்லை. அப்பிடி அந்தக் கரையில அஞ்சு பிள்ளையள் செத்ததுக்குப் பிறகுதான், அதே வருசம், விழுந்தவையைத் தூக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் போட்டவை. ரீவி வைச்சிருந்த அந்த அண்ணைதான் எனக்கு முதல் முதல் அந்த இடத்தைக் காட்டினவர். அவர் இப்ப இல்லை.

ஜூன் 12 ரெண்டு மணிக்கு, றீகன் பேசின நேரத்துக்கு, பலகையடியில நிப்பன். மதில் நிண்ட தடத்தைக் காட்ட றோட்டில ரெண்டு வரிசைக் கல்லுப் பதிச்சிருக்கு, அதைப் பாத்துப் பாத்து நடந்து போவம். நல்ல சப்பாத்தாப் போட்டுக்கொண்டு வாங்கோ. நான் மெதுவாத்தான் நடப்பன்.

செல்வி (தஞ்சை):
தம்பி, ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளைக்காக என் பங்குக்கும் ஒரு பூ வைத்துவிடுங்கள்.