'ரொட்டேஷன்': சுழற்சியா, திருப்பமா, முறையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவத்தில் 'ரொட்டேஷன்' (rotation) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடங்களிலெல்லாம் 'சுழற்சி' என்றே எழுதிவிடலாம் என்று முந்தைய மடலில் நம் குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்ததை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஈரோட்டில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் வருவோர் "கழுத்தைத் திருப்ப முடியலீங்க" என்றுதான் சொல்கிறார்கள். சுழற்ற முடியவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. முதல் கழுத்தெலும்பு, இரண்டாம் எலும்பின் பல் போன்ற முனையை அச்சாகக் கொண்டு இருபுறமும் ஓரளவே திரும்புகிறது. தோளும் இடுப்பும் அவ்வாறே முழுவட்டம் போகாமல் திரும்பி மீள்வதால், மூட்டசைவுகளுக்கு அகத்திருப்பம், புறத்திருப்பம் என்பவை பொருந்தும். ('உள்' என்று தொடங்கினால் புணர்ச்சியில் 'உட்டிருப்பம்' என்றாகி நாக்கைப் புரட்டும்.)

கருவின் நடுக்குடல் செய்வது வேறு. அது குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மேல் குடல்தாங்குத் தமனியை அச்சாகக் கொண்டு, எதிர்க்கடிகாரத் திசையில் மொத்தம் 270 பாகை சுற்றி வயிற்றுக்குள் தன் இடத்தில் அமைகிறது. இதற்குச் சுழற்சி தகும். அது குறைபட்டால் சுழற்சிப் பிறழ்வு. அப்பிறழ்வினால் பின்னர் குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடும் அவசரநிலையைக் குடல் முறுக்கம் என்று தனியே வழங்க வேண்டும். பிறழ்வு உள்ள எல்லோருக்கும் முறுக்கம் நேர்வதில்லை என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

இன்சுலின் ஊசியில்தான் பெருங்குழப்பம். 'ஊசி போடும் இடத்தைச் சுழற்றவும்' என்றிருந்த கையேட்டைப் படித்த கோபிசெட்டிபாளையம் பக்கத்து மூதாட்டி ஒருவர், ஊசி போட்ட இடத்தை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் குத்தினால் தோலடிக் கொழுப்பு தடித்து மருந்து சீராக உறிஞ்சப்படாது என்பதற்காக இடம் மாற்றச் சொன்ன அறிவுரை அது. கீழ்பவானிக் கால்வாயில் ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவதை நம் உழவர்கள் 'முறை' என்கிறார்களே, அதுவே இங்கும் வேண்டிய சொல்: முறைமாற்றம். "வயிற்றுக்கும் தொடைக்கும் முறை வைத்துப் போடுங்கள்" என்றதும் அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பயிற்சி மருத்துவர்கள் ஓராண்டில் துறைதோறும் மாறிச் செய்வதும் முறைப்பணியே.

புற்றுநோய் வலிக்குத் தரும் 'மார்ஃபின்' என்ற வலிநீக்கி மருந்து ஒத்துக்கொள்ளாதபோது அதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்துக்கு மாற்றுவதையும் ஆங்கிலத்தில் ரொட்டேஷன் என்கிறார்கள். அங்கே எதுவும் திரும்புவதுமில்லை, முறை வருவதுமில்லை. 'மருந்து மாற்றம்' என்றாலே போதும்.