மகள் கிழமைக்கெல்லாம் நிறம் சொல்கிறாள், இது கோளாறா?

குத்தாலம் அம்மா:
மகளுக்கு 9 வயது. நேற்று காலண்டர் தாளைக் கிழிக்கும்போது "வியாழக்கிழமை ஊறவைத்த புளி மாதிரி இருக்கும்ல அம்மா" என்றாள், நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன், போன வருஷமும் வியாழனுக்கு இதே புளி நிறத்தைத்தான் சொன்னாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. 5 என்றால் நாற்றங்கால் பச்சையாம், 8 கறுப்பாம். மாமியார் வைத்தீஸ்வரன்கோவிலுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார், இவர் டாக்டரிடம் காட்டலாம் என்கிறார். படிப்பில் ஒரு குறையும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்னிலம் டீச்சர்:
பயப்படாதீர்கள் அம்மா, இது நோய் இல்லை. எண், கிழமை, மாதம் என்று நினைத்தாலே கூடவே ஒரு நிறமோ இடமோ தெரிவதைச் சினஸ்தீசியா என்பார்கள். எண்களை நிறத்தோடும் இடத்தோடும் பார்க்கிறவர்களைப் பற்றி பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1880லேயே எழுதியிருக்கிறார். எத்தனை நாள் கழித்துக் கேட்டாலும் அதே நிறம் வருவதுதான் அடையாளம், அதை நீங்களே கவனித்துவிட்டீர்கள். பல சமயம் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். "கதை விடாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

வலங்கைமான் விவசாயி:
எனக்கு நேர் எதிர் அக்கா. கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியாது, "மனக்கண்ணில் பார்" என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்றுதான் கல்யாணம் ஆகும்வரை நினைத்திருந்தேன். செத்துப்போன அப்பாவின் முகம் மனசில் வராது, ஆனால் மடை மாற்றிவிட்டு ஈர வரப்பில் அவர் நடந்து வருகிற சத்தம் அப்படியே கேட்கும். இதற்கு அபான்டேசியா என்று 2015இல்தான் பெயரே வைத்தார்கள். விவசாயம் பார்க்க இதனால் ஒரு தடையும் வந்ததில்லை.

திருவையாற்றுக்காரன்:
1950 வாக்கில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு, உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவிலும் சராசரியை ஒட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூடத் தேறவில்லை. உடம்பு அளவிலேயே இந்த நிலைமை, அப்புறம் மனசுக்குள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் என்று எதை வைத்துச் சொல்வது?

குத்தாலம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி ராத்திரி சாப்பிடும்போது விசாரித்தேன். இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாமியார்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாசமெல்லாம் என்னைச் சுத்தி வட்டமாத்தானே நிக்கும், சித்திரை எதிர்ல, ஆடி வலது கைப்பக்கம் பள்ளத்துல, தை முதுகுக்குப் பின்னால" என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். கோவில் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. மகள் நோட்டையும் கலர் பென்சிலையும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், ஆடிக்கு என்ன நிறம் பாட்டி என்று கேட்டுக்கொண்டு.