வெள்ளம் புகுந்த வீடு என்பதை வாடகைக்கு விடுபவர் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி: வீடு தேடுபவர்

வேளச்சேரியில் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். வாடகையும் அட்வான்ஸும் ஒத்துவருகின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்ததா என்று தரகரிடம் கேட்டதற்கு, தெருவில் நின்றதே தவிர வீட்டுக்குள் வரவில்லை என்றார். எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரரோ இடுப்பளவு நின்றது என்கிறார். உரிமையாளர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்குச் சட்டப்படி உண்டா?

பதில்: வழக்கறிஞர்

2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வெள்ள அபாயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு இருக்கிறது. வீடு எதற்காக விடப்படுகிறதோ அந்தப் பயன்பாட்டைப் பாதிக்கும் முக்கியமான குறை ஒன்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்து, குடிவருபவருக்குத் தெரியாமலும், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய முடியாமலும் இருக்குமானால், அதை உரிமையாளர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் மாறாக எழுதிக்கொண்டால் இது பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சிக்கல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய முடியாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான். வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த செய்தி, அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே தெரிந்திருக்கும் என்று உரிமையாளர் வாதிடுவார். நீங்கள் கடைக்காரரை விசாரித்தும் விட்டீர்கள். ஆகவே தெரியாது என்று சொல்லும் வழி உங்களுக்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

எனவே அவருடைய மௌனத்தை நம்பாமல், எந்த ஆண்டில் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி, வெறுமனே பேசாதிருந்தவர் 'நீங்களே விசாரித்திருக்கலாமே' என்று தப்பிக்க இடமுண்டு. தெரிந்தே பொய்யான பதில் தந்தவருக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. அந்தப் பதிலை நம்பித்தான் ஒப்புக்கொண்டீர்கள் என்றால், 19ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

வெள்ளம் வந்த பிறகு 108ஆம் பிரிவு பெரிதாக உதவாது. சொத்தின் முக்கியப் பகுதி முற்றிலும் அழிந்தாலோ, நிரந்தரமாகக் குடியிருக்கத் தகுதியற்றுப் போனாலோதான் அதன்படி நீங்கள் விலகலாம். நான்கு நாள் நின்று வடியும் தண்ணீர் அந்த வரையறைக்குள் வராது.

பதில்: முடிச்சூர் வீட்டு உரிமையாளர்

என் வீட்டைப் பார்க்க வருபவர்களிடம் 2015இல் அடையாற்று வெள்ளம் உள்ளே வந்ததை நான் சொல்லிவிடுகிறேன். வாடகை குறைகிறது, ஆனால் பிறகு சண்டை வருவதில்லை. இருந்தாலும், பழைய கதையைச் சொல்வதால் மட்டும் குடிவருபவருக்கு முழு உண்மை கிடைத்துவிடாது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுவதால், 2015இல் தப்பிய வீடுகூட இன்று சாலைமட்டத்துக்குக் கீழே போயிருக்கலாம். சாலையிலிருந்து வாசலுக்கு ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று பாருங்கள். ஈபி மீட்டர் வழக்கத்துக்கு மாறாக உயர்த்தி மாட்டப்பட்டிருந்தாலோ, சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புது வண்ணம் இருந்தாலோ காரணம் கேளுங்கள். சம்ப்புக்குள் கழிவுநீர் கலந்ததா என்பதையும் கேட்பது நல்லது. கூடத்துக்குள் தண்ணீர் வராத வீட்டிலும் அது நடக்கும்.

பதில்: ஹூஸ்டன் தமிழர்

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். டெக்சாஸில் 2022 ஜனவரி 1 முதல், வீடு நூறாண்டு வெள்ளச் சமவெளியில் (எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர குறைந்தது ஒரு சதவீத வாய்ப்புள்ள நிலப்பகுதி) இருப்பது தமக்குத் தெரியுமா, கடந்த 5 ஆண்டுகளில் வெள்ளச் சேதம் ஏற்பட்டது தெரியுமா என்பதை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும். தராமல் விட்டு, வெள்ளத்தில் குடியிருப்பவரின் உடைமை மதிப்பில் பாதியோ அதற்கு மேலோ போய்விட்டால், அவர் 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். 5 ஆண்டு வரம்பு எனக்குக் குறைவாகவே படுகிறது. 2017இல் ஹார்வி புயலில் மூழ்கிய வீட்டைப் பற்றி, அதன்பின் சேதம் இல்லாவிட்டால், இன்று கேட்டாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. உரிமையாளர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினால் போதுமா?

பதில்: வழக்கறிஞர்

பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதைச் சாட்சியமாகத் தரலாம். ஆனால் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்ப்பது மேல்: வீட்டுக்குள் வெள்ளம் வந்த ஆண்டுகளும் உயரமும் பற்றி உரிமையாளர் அளிக்கும் உறுதி ஒன்று, தண்ணீர் புகுந்து குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை இல்லை என்பதும், அறிவிப்புக் காலமின்றி அட்வான்ஸைத் திரும்பப் பெற்றுக் காலி செய்யலாம் என்பதும் மற்றொன்று. இரண்டாவதற்கு அவர் தயங்கினாலும் முதலாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்துவிடுங்கள். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று தரகர் சொன்னால், இப்போதைய சட்டத்தில் அது சரியல்ல.