பெரியவீட்டுப் பிள்ளையள்

மணி மாமி 5:42
*(வீடியோ)*

மணி மாமி 5:43
எல்லாரும் பாருங்கோ. கௌசி போற ஊர் செத்த ஊராம். சுரங்கமெல்லாம் மூடிப்போட்டாங்களாம். வீடுகள் பூட்டிக் கிடக்குதாம். ரோட்டில ஒரு குஞ்சு குருமான் இல்லை

சுதா அக்கா 5:50
எந்த ஊர் மாமி

மணி மாமி 5:51
ஜேர்மனியில கெல்சன்கிர்சன்

நிரோ 5:51
பேரை ஒழுங்கா எழுதினதுக்கே மாமிக்கு ஒரு மாலை 👏

மணி மாமி 5:53
பகிடி விடாத. பிள்ளையக் கொண்டுபோய் எங்க தள்ளுறம் எண்டு யோசிச்சியளோ

பெரியப்பா 5:58
ராசன் 30 வருசமா உங்கதானே இருக்கிறான். கேளுங்கோ

கௌசி 6:01
நான் இன்னும் சூட்கேசே மூடேல்லை 🙄

ராசன் சித்தப்பா 7:24
வேலையால இப்பதான் வந்தன். அக்கா, வீடியோவில பாதி சரி. 1959 இல இந்த ஊரில கிட்டத்தட்ட 3 இலட்சத்து 90 ஆயிரம் சனம். இப்ப 2 இலட்சத்து 60 ஆயிரம் சொச்சம். சுரங்கங்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மூடி, ஜேர்மனியில மிஞ்சியிருந்த கடைசிக் கல்நிலக்கரிச் சுரங்கமும் பக்கத்து ஊர் பொட்றொப்பில 2018 டிசம்பரோட சரி. ஆனா ரோட்டும் ட்ராமும் பழைய சனத்துக்கெண்டு போட்டது. சனம் குறைஞ்சா ரோடு அகலமாத்தான் தெரியும்

பெரியப்பா 7:29
பரந்தன் மாதிரி எண்டு சொல்லன். ஆனையிறவு உப்பு வந்து இறங்கும், கெமிக்கல் பக்டரியால கோஸ்டிக் சோடாவும் குளோரினும் போகும். இப்ப அந்தப் பக்கத்தால மாடு போகுது

நிரோ 7:30
மாடு ஏ9 க்கும் வருது பெரியப்பா. அதுவும் லைற் இல்லாம

சுதா அக்கா 7:31
ஆனையிறவு உப்பு திரும்ப வந்திட்டுதே. முதல் வைச்ச பேர் சிங்களத்தில ‘ராஜ லுணு’ 😏

பெரியப்பா 7:32
அந்தப் பேரை இங்க எடுக்காத. இரவு நித்திரை வராது

ராசன் சித்தப்பா 7:41
விசயத்துக்கு வாறன். ரோடு வெறுமை எண்டா வேலையும் அங்க இல்லை எண்டுதான் கணக்கு. கௌசியின்ர மனுசன் துசிக்கு வேலை டுசுல்டோர்ப்பில. ஊருக்குள்ள கடைக்கோ டொக்டரிட்டயோ போறது சுகம். ஆனா காலமை எல்லாரும் வெளியூருக்கு ஓடுறதால நெரிசல் ஊரை விட்டிட்டு ஏ40 பெருந்தெருவில போய்க் குந்தியிருக்கு. அந்த ரோட்டை இங்க ‘ஊர்ற ரோடு’ எண்டுதான் பகிடி. அதால காரை நம்பி வீடு எடுக்கிறதில்லை. வாடகையப் பாக்க முதல், ஸ்ரேசனுக்கு எத்தினை நிமிச நடை எண்டு பாருங்கோ

ராசன் சித்தப்பா 7:49
ஆர்ஈ 2 கோச்சி எசனுக்குள்ளால போகுது. ஆர்ஈ 3 ஒபர்கவுசன் பக்கத்தால. இரண்டும் டுயிஸ்பேர்க்கில வந்து சேந்து டுசுல்டோர்ப் போகும், முக்கால் மணித்தியாலம் எண்டு வையுங்கோ. ஆனா ஒவ்வொண்டும் மணிக்கு ஒருக்காத்தான். ஊர்த் தொங்கலில மலிவா வீடு எடுத்தா ட்ராமில வந்து மாறோணும். ட்ராம் 5 நிமிசம் பிந்தினாக் கோச்சி போயிடும், பிறகு மேடையில நிண்டு குளிரில விறைக்கிறதுதான். ஒரு பக்கம் லைன் அடைபட்டா மற்றப் பக்கத்தால போகலாம், அதுதான் இந்த ஸ்ரேசனின்ர நன்மை. லைன் வேலை தொடங்கினாக் கிழமைக்கணக்கில பஸ் விடுவாங்கள், போற நேரம் இரண்டு மடங்கு. முதல்நாள் இரவே போனில பாத்திட்டுப் படுக்கோணும்

நிரோ 7:50
சித்தப்பா மூச்சு விடுங்கோ

கௌசி 7:52
ரிக்கெற் எவ்வளவு சித்தப்பா

ராசன் சித்தப்பா 7:58
முழு நாட்டுக்கும் ஒரு மாச ரிக்கெற், 2026 ஜனவரியில இருந்து 63 ஐரோ. பஸ், ட்ராம், ஆர்ஈ எல்லாம் அடங்கும். ஐசீஈ கடுகதிக் கோச்சியில ஏறக் கூடாது. இது சந்தா மாதிரி, தானா நீளும். நிப்பாட்டிறதெண்டா அந்த மாசம் 10 ஆந் திகதிக்குள்ள சொல்லோணும். பேர் போட்ட ரிக்கெற், துசியின்ரயில நீ போக ஏலாது. போனில சார்ஜ் இல்லாம ஆப்பிட்டா ரிக்கெற் இல்லாத கணக்குத்தான், 60 ஐரோ எழுதுவாங்கள். பிறகு கந்தோரில கொண்டுபோய்க் காட்டினாக் குறைப்பாங்கள். வேலை குடுக்கிறவன் காற்பங்கு போட்டா இன்னும் 5 வீதம் கழிவு இருக்கு. துசி கேட்டவரோ தெரியாது

சுதா அக்கா 8:00
63 ஐரோ 20 ஆயிரத்துக்கு மேல வருது

மணி மாமி 8:02
கோச்சி நேரம் எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறாய். அம்மான்ர எட்டுச்செலவுக்கு மட்டும் வரத் தெரியேல்லை

நிரோ 8:02
🫣

பெரியப்பா 8:06
மணி, விடு

ராசன் சித்தப்பா 8:09
அக்கா அது வேற கதை. தனிய எடுக்கிறன்

மணி மாமி 8:09
எடுப்பாய்

கௌசி 8:14
சித்தப்பா எனக்கு கிளிநொச்சியில எடுத்த லைசன் இருக்கு. உங்க ஓடலாமோ

ராசன் சித்தப்பா 8:23
இங்க விலாசம் பதிஞ்சு 6 மாசம் வரைக்கும், மொழிபெயர்ப்போட. அதுக்குப் பிறகு எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் புதுசா எடுக்கோணும், எங்கட லைசனை மாத்தித் தாறேல்லை. எழுத்துச் சோதனை தமிழில இல்லை, இங்கிலிசில இருக்கு. கண் சோதனை, முதலுதவி வகுப்பு இரண்டையும் முந்தியே முடிச்சு வை.

வலப்பக்கத்தால ஓடுறது இரண்டு கிழமையில பழகும். எங்கட ஆக்கள் பிடிபடுறது வேற இடத்தில. குடிமனை ரோட்டில சந்தியில பலகை ஒண்டும் இல்லையெண்டா வலப்பக்கத்தால வாறவனுக்கு விடோணும். அவன் சின்ன ஒழுங்கையால வந்தாலும் அவன்தான் முதல். ரோடு வெறிச்சோடிக் கிடக்குதெண்டு நேர விட்டு அடிக்கிறது அங்கதான்

நிரோ 8:24
இங்க சட்டம் லேசு. ஆரின்ர வாகனம் பெரிசோ அவர்தான் முதல்

ராசன் சித்தப்பா 8:28
காசில்லாமல் கார் விடுற இடத்தில, வந்த நேரம் காட்டுற நீல அட்டை வைக்கோணும். வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியில முள்ளை விடு. 10:10 க்கு வந்தா 10:30. எங்கட ஊர் ஸால்க கழகத்தின்ர பந்தடி நாளில மட்டும் காரும் வேண்டாம், 302 ட்ராமும் வேண்டாம். மைதானத்துக்கு 62 ஆயிரம் பேர் போறது, அண்டைக்குத்தான் ஊரில சனம் இருக்கிறது தெரியும்

மணி மாமி 8:31
கோயில் இருக்கோ

ராசன் சித்தப்பா 8:33
ஹம் காமாட்சி அம்மன். ஆர்ஈ 3 இல ஏறினா மாறத் தேவையில்லை, ஹம் வரைக்கும் போகும். அங்கால பஸ், கோயில் ஊருக்கு வெளிய

மணி மாமி 8:34
அது காணும்

மணி மாமி 8:36
கௌசி நெய் 2 போத்தல் உருக்கி வைச்சிருக்கு. கொஞ்சம் இறைச்சி வத்தலும்

ராசன் சித்தப்பா 8:38
அக்கா இரண்டும் விடாங்கள்!! இறைச்சி, பால் சாமான் வெளிநாட்டில இருந்து கொண்டுவர ஏலாது. நெய்யும் பால் சாமான்தான். கருவாடு கொண்டுவரலாம், 20 கிலோ வரைக்கும்

நிரோ 8:39
வத்தலை நான் பொறுப்பெடுக்கிறன்

மணி மாமி 8:39
அப்ப என்னத்துக்கு உங்க போறியள்

சுதா அக்கா 8:45
எயாப்போட்டுக்கு வான் எத்தினை மணிக்கு? நான் வவுனியாவில ஏறுறன். குருநாகலாலயோ

பெரியப்பா 8:51
றம்பாவையில திரும்பி அனுராதபுரம், புத்தளம், சிலாபம். குருநாகலால போனா ஊருக்கு ஊர் நிக்கோணும்

நிரோ 8:53
நொச்சியாகமப் பக்கம் இரவில ஆனை நிக்கும் பெரியப்பா

பெரியப்பா 8:55
அதுதான் பகல் 2 மணிக்கு வெளிக்கிடச் சொன்னன். ஆர் கேட்டது

கௌசி 8:56
அப்பா 2 மணிக்கு ராகுகாலமாம், அம்மா சொல்லுறா

துசி அத்தான் 9:12
வேலையில நிண்டன், இப்பதான் வாசிச்சன். ஸ்ரேசனுக்கு 6 நிமிச நடையில ஒரு வீடு பாத்தனான். நாலாம் மாடி. லிப்ட் இல்லை

ராசன் சித்தப்பா 9:13
வாடகை கால்டோ (வெறும் வாடகை) வார்மோ (சூடாக்கிற செலவும் சேத்து)? மூண்டு மாசக் கால்ட் வாடகைக்கு மேல முற்பணம் கேட்டாக் குடுக்காத. கீசர் எரிவாயுவோ கறண்டோ எண்டும் கேள்

துசி அத்தான் 9:14
கேக்கேல்லை

மணி மாமி 9:15
நாலாம் மாடிக்கு 30 கிலோவை ஆர் தூக்கிறது

நிரோ 9:16
வானில இன்னும் 3 சீற் இருக்கு. ஆர் வாறியள் எண்டு சொல்லுங்கோ, ஹைஏஸ்காரனுக்குச் சொல்லோணும்

பெரியப்பா 9:40
👍

நிரோ 9:41
பெரியப்பா 👍 எண்டா வாறியளோ, 2 மணிக்கோ?