அப்டேட் பாதியில் கரண்ட் போனால்: கன்சோல் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

தாமிரபரணி (திருநெல்வேலி)

கேம் கன்சோலில் சிஸ்டம் அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டால் பெட்டியின் கதை முடிந்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். என் பிஎஸ்4-க்கு (சோனியின் பிளேஸ்டேஷன் 4) அப்படி ஆகவில்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். இன்றைக்கோ நாளைக்கோ ஒருவர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு உதவட்டும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்டேட் பாதியில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஃபேன் கூட நிற்கவில்லை. ஆனால் பிஎஸ்4 அணைந்துவிட்டது. காரணம் இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன ஸ்விட்ச். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை உண்டு. யூபிஎஸ் நிலையில் சில மில்லி விநாடிகளில் பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் கொஞ்சம் தாமதமாகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அந்தத் தாமதம் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் கன்சோலுக்கும் தெரியும். மாட்டிக் கொடுத்தவர் நார்மலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்ப ஆன் செய்ததும், பிஎஸ்4-ஐத் தொடங்க முடியவில்லை, கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் இணைத்து பிஎஸ் பட்டனை அழுத்தவும் என்று திரையில் வந்தது. இணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் குறை கேபிளில். பவர் பேங்கோடு வரும் பல கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. பழைய போனின் டேட்டா கேபிளை மாட்டியதும் சேஃப் மோடு மெனு, அதாவது கோளாறைச் சரிசெய்யும் பட்டியல், வந்தது.

அதில் 3-ஆவது, சிஸ்டம் மென்பொருளைப் புதுப்பிப்பது. இணையம் வழியாகச் செய்ய மறுத்துவிட்டது, பென் டிரைவ் கேட்டது. அப்டேட் கோப்பை சோனியின் தளத்திலிருந்து போனிலேயே இறக்கினேன். ஏறக்குறைய அரை ஜிபி. பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்க வேண்டும். உள்ளே பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கோப்பை இரண்டு முறை இறக்கினால் பெயரின் கடைசியில் 1 என்று தானாக ஒட்டிக்கொள்ளும், அப்போது கன்சோல் அதைக் கண்டுகொள்ளாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் அப்டேட் ஓடியது, முடிந்தது. கேம், சேவ் (ஆடியவரை பதிந்து வைத்தது), ஸ்கிரீன்ஷாட் எதுவும் போகவில்லை.

நொய்யல் (கோவை)

அண்ணா, ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்டேட்டில் இரண்டு கட்டம் இருக்கிறது: கோப்பை இறக்குவது, அப்புறம் அதை எழுதுவது. இறக்கும்போது நெட் போனாலும் கரண்ட் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என் பிஎஸ்5-இல் ஃபைபர் அறுந்து இறக்கம் பாதியில் நின்றது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆபத்தெல்லாம் ரீஸ்டார்ட் ஆன பிறகு, அணைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு அந்தக் கோடு நகரும் நேரத்தில்தான்.

அதனால் கோப்பு இறங்கி முடிந்ததும் உடனே இன்ஸ்டால் கொடுக்காமல், மழை காற்று இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக இந்தெந்தப் பகுதிகளில் மின்தடை என்று பேப்பரில் முந்தைய நாளே வந்துவிடுகிறது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

பழைய பிஎஸ்பி (மதுரை)

நீங்கள் சொல்வதெல்லாம் இந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு. சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி, அதிலும் முதல் பிஎஸ்பி, அப்படி மன்னிக்காது. ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், மொத்தமும் உள்ளே 32 எம்பி நினைவகத்தில் இருக்கும். அதில் எழுதும்போது தடைபட்டால் சேஃப் மோடு, பென் டிரைவ் என்று எந்த வழியும் கிடையாது. அதனால்தான் சார்ஜர் மாட்டியிருந்தாலும் பேட்டரியிலும் போதிய சார்ஜ் இருந்தால்தான் அப்டேட்டைத் தொடங்கவே விடும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்ற ஏற்பாடு.

என் சித்தப்பா பையனுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த பிஎஸ்பி. புது கேம் டிஸ்க்கைப் போட்டால், இந்த வெர்ஷன் இருந்தால்தான் ஓடுவேன் என்று அதுவே அப்டேட்டைக் கையில் கொடுக்கும். அப்போது டிஸ்க்கிலேயே அப்டேட் வரும். பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தது, பின்மூடி சரியாக மூடாது. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து நழுவியது, மூடி திறந்து பேட்டரியும் சார்ஜர் முனையும் ஒருசேரக் கழன்றுவிட்டன. அதன் பிறகு ஸ்விட்சைத் தள்ளினால் பச்சை விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும், சில விநாடிகளில் விளக்கும் அணையும். அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள், அந்தக் காசுக்கு வேறு பிஎஸ்பியே வாங்கலாம்.

அதைக் காப்பாற்றியது 2007-இல் வெளியான பண்டோரா பேட்டரி என்ற வழி. பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு சிப்பில் வரிசை எண் இருக்கும். அந்த எண் முழுவதையும் எஃப் எஃப் என்று மாற்றினால் பிஎஸ்பி அதைச் சர்வீஸ் பேட்டரி என்று எடுத்துக்கொண்டு, உள் நினைவகத்தைத் தொடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்தே தொடங்கும். தொழிற்சாலைக்காக வைத்திருந்த வாசல் அது. எண்ணை மாற்ற முடியாவிட்டால் பேட்டரியைப் பிரித்து அந்தச் சிப்பின் ஒரு காலைத் தூக்கிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் செல்போன் ரிப்பேர் செய்பவர் இதைச் செய்தபோது அருகில் நின்று பார்த்தேன். ஊசி முனையால் ஒரு காலை அரை மில்லிமீட்டர் தூக்கினார். பேட்டரியைப் போட்டதுமே, யாரும் ஸ்விட்சைத் தொடாமலே, பச்சை விளக்கு எரிந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை.

பின்னால் வந்த போர்டுகளில் சோனி அந்த வாசலை அடைத்துவிட்டது. பிஎஸ்பி 3000-க்கு இந்த வழி ஆகாது.

யாழ் (யாழ்ப்பாணம்)

நீங்கள் மாதத்தில் ஒருநாள் மின்தடை பற்றிக் கதைக்கிறீர்கள். இங்கே 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. ஊர்களை எழுத்து எழுத்தாகக் குழு பிரித்து, எந்தக் குழுவுக்கு எப்போது மின்சாரம் இல்லை என்று அட்டவணை போடுவார்கள்.

என்னிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். அது உறக்க நிலையில் இருக்கும்போது தானாகவே அப்டேட் எடுக்கும். நாங்கள் யாரும் தொடவில்லை, ரிவி கூட ஓடவில்லை, உள்ளே அது எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. மின்சாரம் நின்றது. மறுபடி வந்தபோது இ என்ற எழுத்தோடு ஓர் எண்ணைக் காட்டும் பிழைத் திரை.

எக்ஸ்பாக்ஸிலும் மீள வழி உண்டு. கன்ட்ரோலரை இணைக்கும் பட்டனையும் டிஸ்க் வெளியேற்றும் பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டினால், இரண்டு சத்தம் கேட்டபின் பழுதுபார்க்கும் திரை வரும். அதில் ஆஃப்லைன் அப்டேட் என்று ஒன்று மங்கலாக இருக்கும். சரியான கோப்போடு பென் டிரைவைச் செருகினால்தான் அது தெளியும். பிஎஸ்4-க்கு எஃப்ஏடி32, இதற்கு என்டிஎஃப்எஸ். கோப்பு பல ஜிபி, பென் டிரைவ் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. போனில் அந்த ஃபார்மட்டைச் செய்ய முடியவில்லை, மடிக்கணினி வேண்டியிருந்தது, அதற்குச் சார்ஜ் வேண்டும், இறக்க நெட் வேண்டும். எங்கட குழுவுக்கு மின்சாரம் இருந்த நேரத்தில் இறக்கி, அடுத்த தடவை வந்தபோது ஏற்றி எடுத்தேன். தம்பியின் ஃபுட்பால் கேம் அப்படியே இருந்தது. அவன் அழுதுவிட்டான்.

அன்றிலிருந்து தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்திருக்கிறேன். மின்சாரம் நிச்சயமில்லாத எந்த ஊரிலும் அது நிறுத்தியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹட்சன் (நியூ ஜெர்சி)

2012 நவம்பர் 18, நின்டெண்டோவின் வீ யூ கன்சோல் அமெரிக்காவில் வெளியான நாள். சாண்டி புயலுக்குப் பிறகு எங்கள் பகுதிக்குக் கரண்ட் திரும்பி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையே அப்டேட். பலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. குழந்தைகள் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அன்றைக்கு ஒரு பத்திரிகையாளர், நடுவில் பிளக்கைப் பிடுங்கியதால் தன் வீ யூ பிரிக் ஆகிவிட்டது, அதாவது செங்கல்போல் செத்துவிட்டது என்று டுவிட்டரில் எழுதினார். அது பரவிய பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் எதையும் பிடுங்காமலே பெட்டி போவதும் உண்டு. வீ யூவுக்கு முந்தைய வீ கன்சோலுக்கு 2009 செப்டம்பரில் வந்த 4.2 அப்டேட், கன்சோல் தொடங்கும்போது முதலில் ஓடும் பகுதிகளில் ஒன்றையே திருத்தி எழுதியது. எந்த மாற்றமும் செய்யாத சில வீ கன்சோல்களும் அதில் செத்தன. 2013 ஜூனில் பிஎஸ்3-க்கு வந்த 4.45 அப்டேட்டையும் சோனி திரும்பப் பெற வேண்டியிருந்தது, போட்டவர்களில் சிலருக்கு மெனுவே வரவில்லை. பெட்டி செத்தால் நீதான் ஏதோ செய்தாய் என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிச்சித் தெரு (சென்னை)

கன்சோல் சர்வீஸ் செய்கிறேன். மேலே எழுதியிருக்கும் எல்லாவற்றையும் மேசையில் பார்த்திருக்கிறேன், அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

அப்டேட்டில் செத்துப்போனது என்று வரும் பிஎஸ்4-களில் பெரும்பங்குக்கு உண்மைக் காரணம் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், கேம் ஓடும்போது அங்கங்கே திக்கும். அப்டேட் அதில் நிறைய எழுதுவதால் அன்றைக்கு வெளியே தெரியும். காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். இதற்குக் கரண்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்க்கை மாற்றி, ஒரு ஜிபி அளவிலான முழு மென்பொருள் கோப்பை ஏற்றினால் பெட்டி எழுந்துவிடும்.

நிஜமாகவே எழுத்து பாதியில் நின்ற பெட்டி வேறு மாதிரி. பிஎஸ்4-இன் போர்டில் எட்டு அல்லது பதினாறு கால் கொண்ட 32 எம்பி சிப் ஒன்று இருக்கிறது. தொடங்குவதற்குத் தேவையான அடிப்படை அதில்தான். அது கெட்டால் நீல விளக்கு துடித்துவிட்டு அணையும், சேஃப் மோடு கூட வராது. சிப்பைப் படித்து, கெட்ட பகுதியைத் திருத்தி, மீண்டும் எழுத வேண்டும். நல்ல பிஎஸ்4-இலிருந்து பிரதி எடுத்துப் போடக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. அந்த 32 எம்பிக்குள் அந்தப் பெட்டிக்கே உரிய சாவிகளும் தரவும் இருக்கின்றன. இன்னொரு பெட்டியின் பிரதியை அப்படியே போட்டால் எழாது. அதனால் முதலில் பழையதைப் பத்திரமாகப் படித்து வைக்காமல் சிப்பில் கைவைக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

பிஎஸ்3-இல் சோனி ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. மையக் கோப்புகளுக்கு இரண்டு இடம். ஒன்றிலிருந்து இயங்கும்போது புதியதை மற்றதில் எழுதும். பாதியில் நின்றாலும் பழையது அப்படியே இருக்கும். நிறைய பிஎஸ்3 பிழைத்தது இதனால்தான்.

என்னை உண்மையில் வருத்தப்படுத்துவது பெட்டி சாவது இல்லை, பெட்டி பிழைத்து சேவ் போவதுதான். சேஃப் மோடு மெனுவைப் பார்த்ததும் பதற்றத்தில் கடைசியில் இருக்கும் 7-ஐ அழுத்திவிடுகிறார்கள். 6-ம் 7-ம் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது, அது அந்தக் கன்சோலின் சாவியால் பூட்டப்பட்டது. வருடக்கணக்கில் ஆடி வைத்த சேவ் ஒரு பட்டனில் போய்விடும். வாடிக்கையாளர் பெட்டியைக் கொடுத்ததும் நான் முதலில் கேட்பது, 7 அழுத்தினீர்களா என்றுதான்.

வைகை (தேனி)

ஐயா, அவசரம். மகளுடைய பிஎஸ்4. இப்போதுதான் கரண்ட் வந்தது. அப்டேட் ஓடும்போது போய்விட்டது. சேஃப் மோடு மெனு வந்து நிற்கிறது. அவள் சேவ் எதற்கும் வேறு பிரதி இல்லை, சேவ்களை இணையத்தில் பிரதியாக வைக்கும் பிளஸ் சந்தாவும் இல்லை. எதை அழுத்துவது?

ரிச்சித் தெரு (சென்னை)

மெனு வருகிறதென்றால் நான் சொன்ன சிப் நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள். கன்சோலை வேறு சாமான் எதுவும் இல்லாத பிளக்கில் மாட்டுங்கள், முடிந்தால் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலையில். முதலில் 1, வெறும் ரீஸ்டார்ட். போகாவிட்டால் 3. பென் டிரைவ் கேட்டால் தாமிரபரணி மேலே எழுதியபடி செய்யுங்கள், அரை ஜிபி கோப்பு போதும். கோடு ஓரிடத்தில் நின்றாலும் முன்விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை காத்திருங்கள். 3-ம் முடியவில்லை என்றால் 5, அதாவது தரவுத்தளத்தை மீண்டும் அமைப்பது, அது தரவை அழிக்காது, ஆனால் டிஸ்க் நிறைந்திருந்தால் நேரம் பிடிக்கும்.

6, 7 பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். 3-ஐ அழுத்தியதும் என்ன எண், என்ன எழுத்து வருகிறது என்று அப்படியே இங்கே எழுதுங்கள். நான் ஆன்லைனில்தான் இருக்கிறேன்.