புதுப்பிப்பு: ஓஷன்சைடிலிருந்து பிளைத் வரை கலிஃபோர்னியா 78, அம்மாவோடு போய் வந்தாச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வளைவு ரோட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வரும், மாநில நெடுஞ்சாலை 78-இல் போகலாமா, இன்டர்ஸ்டேட் 8 ஃப்ரீவேயைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். 78-இலேயே போனோம்.

கைகொடுத்தது, ஜூலியன் என்ற மலையூரில் நன்றாக இறங்கி உட்கார்ந்துவிட்டு, அம்மாவை முன் சீட்டில் வைத்து, அங்கிருந்து பாலைவனத்துக்கு இறங்கும் பேனர் கிரேடு என்ற மலைச்சரிவு ரோட்டை லோ கியரில் இறங்கச் சொன்ன யோசனைதான். ஜூலியன் சுமார் 4,200 அடி உயரம், அங்கே காற்று சில்லென்று இருந்ததில் அம்மா தெளிந்துவிட்டார், ஆப்பிள் பை வேறு பாதி அவரே சாப்பிட்டார். மலை இறங்கி சிசர்ஸ் கிராசிங் என்ற ரோடு சந்திப்பு வந்ததும் பைன் மரமெல்லாம் போய் ஒகோட்டியோ (ocotillo) என்ற முள்புதரும் சோயா (cholla) என்ற கள்ளியும்தான், ஜன்னலைத் திறந்தால் அனல்.

எதிர்பார்க்காத விஷயம் இரண்டு. எஸ்கொண்டிடோ வரை ஃப்ரீவே சரி, ஆனால் சான் பாஸ்குவால் பள்ளத்தாக்கு தாண்டி ரமோனாவுக்கு ஏறும்போதே வளைவுகள் ஆரம்பித்துவிடுகின்றன, அதனால் தலைசுற்றல் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அப்புறம், கிளாமிஸ் மணல்மேடுகளைக் கடந்த பிறகு ரோடு நேராகத்தான் தெரியும், ஆனால் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளங்களில் வண்டி இறங்கி இறங்கி ஏறும், வேகமாகப் போனால் வயிற்றைத் தூக்கிப்போடும். அம்மாவுக்குக் குமட்டியது அங்கேதான், பேனர் கிரேடில் இல்லை. வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

பெட்ரோலை, கிளாமிஸுக்கு முன்பே வரும் பிராலி ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.