பருவ அட்டவணையில் உள்ள வயதுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்வழியில் உளவியல் பட்டப்படிப்புப் படித்துவருகிறேன், வயது 58. வளர்ச்சி உளவியல் தாளுக்காகப் படிக்கும்போது எழுந்த இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, குழந்தையின் சிந்தனை வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்த உளவியலாளர் ழான் பியாஜேயின் அட்டவணை பற்றியது. பிறப்பு முதல் 2 வயது வரை புலனியக்க நிலை, 2 முதல் 7 வரை செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, 7 முதல் 11 வரை பருப்பொருள் செயல்பாட்டு நிலை, அதற்கு மேல் முறையான செயல்பாட்டு நிலை என்று கோடு கிழித்தாற்போல் வயதுகள் தரப்பட்டிருக்கின்றன. என் பேரனுக்கு 9 மாதம் முடிந்திருக்கிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவிக்கொத்தை ஒரு துண்டின் அடியில் வைத்தால், துண்டை இழுத்துப்போட்டு எடுத்துவிடுகிறான். இரண்டு மூன்று முறை அப்படி எடுத்த பிறகு, பக்கத்தில் இருக்கும் இன்னொரு துண்டின் அடியில் வைத்தால், வைத்ததை முழுவதும் பார்த்திருந்தும், பழைய துண்டையே தூக்கிப் பார்த்து ஏமாந்துபோகிறான். மறைந்த பொருள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

இரண்டாவது: என் பாடநூலில் குழந்தைப் பருவத்துக்கும் குமரப் பருவத்துக்கும் ஒன்பது அத்தியாயங்கள், நடுவயதுக்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று. அந்தக் கடைசி அத்தியாயத்தில் இருப்பதோ இழப்புகளின் பட்டியல். இருபது வயதுவரை ஏற்றம், பிறகு சமதளம், அதன்பின் இறக்கம் என்பதுதான் இத்துறை கண்ட முடிவா? தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை. நானே அந்த அத்தியாயத்தின் வாசலில் நிற்பதாலும் கேட்கிறேன்.

மறுமொழி 1 (ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் இப்பாடம் நடத்துபவர்)

அம்மா, உங்கள் பேரன் செய்வதைப் பியாஜே தம் சொந்தக் குழந்தைகளிடமே பார்த்து விரிவாகக் குறித்துவைத்திருக்கிறார். பொருளைத் தன் செயலிலிருந்து பிரித்துப் பார்க்கக் குழந்தை இன்னும் கற்கவில்லை, 'நான் முன்பு எடுத்த இடத்தில் இருப்பது' என்றே அதை அறிகிறது என்பது அவருடைய விளக்கம். அதாவது, தெரியும், ஆனால் அரைகுறையாகத் தெரியும்.

இந்த விளக்கத்தை அசைத்துப் பார்த்தவர்களில் அடேல் டயமண்ட் முக்கியமானவர். ஏழரை மாதம் முதல் 12 மாதம் வரை அதே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, மறைப்பதற்கும் கையை நீட்ட விடுவதற்கும் இடையே எத்தனை விநாடி காக்கவைத்தால் பிழை வருகிறது என்று அளந்தார். 1985இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழரை மாதத்தில் 2 விநாடிக்கும் குறைவான தாமதமே குழந்தையைத் தடுமாற வைக்கப் போதுமானது. 12 மாதத்தில் அதற்கு 10 விநாடிக்கு மேல் தேவைப்பட்டது. இடையில் மாதத்துக்கு ஏறத்தாழ 2 விநாடி வீதம் அது கூடிக்கொண்டே வந்தது. ஒரே குழந்தை, ஒரே காலைப்பொழுதில், உடனே கையை நீட்ட விட்டால் 'தெரிந்த' குழந்தை. சற்றுக் காக்கவைத்தால் 'தெரியாத' குழந்தை. இதில் கோடு கிழித்த படிநிலை எங்கே இருக்கிறது?

ரெனே பைலர்ஜான் கேள்வியையே மாற்றினார். கையை நீட்டச் சொல்லாமல், குழந்தை எதை அதிக நேரம் பார்க்கிறது என்பதை மட்டும் அளந்தார். ஒரு திரை படுத்த நிலையிலிருந்து எழுந்து பின்பக்கம் சாய்கிறது. அதன் பின்னால் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் முட்டி நிற்க வேண்டிய திரை, பெட்டியே இல்லாததுபோல் முழுவதும் சாய்ந்துவிட்டால், நான்கரை மாதக் குழந்தைகள் அதை நெடுநேரம் பார்த்தன. மூன்றரை மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியும் அப்படியே பார்த்தன (1987). நெடுநேரம் பார்ப்பதை 'அறிவு' என்று சொல்லலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை; எனக்கும் அதில் தயக்கம் உண்டு. ஆனால் கேள்வி மாறியதும் வயது பல மாதங்கள் கீழே இறங்கிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

சற்று வளர்ந்த குழந்தைகளிடமும் இதே கதைதான். சம எண்ணிக்கையில் வில்லைகளை இரண்டு வரிசைகளாக அடுக்கி, ஒன்றை மட்டும் நெருக்கிவிட்டோ பரப்பிவிட்டோ, 'இப்போது எதில் அதிகம்?' என்று கேட்டால், ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் நீண்ட வரிசையைக் காட்டும். எண்ணிக்கை மாறாது என்ற அறிவு வருவதற்குப் பியாஜே ஆறு, ஏழு வயது ஆகும் என்றார். மக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் 4 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளிடம், வரிசையைக் கலைக்கும் வேலையை ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையிடம் கொடுத்தார்கள். பெரியவர் கலைத்தபோது மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள். கரடி கலைத்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் சரியாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் கவனமாக ஒன்றைச் செய்துவிட்டு, சற்றுமுன் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டால், முன்பு சொன்ன விடை தவறு போலும் என்று குழந்தை நினைத்துக்கொள்வது இயல்புதானே.

என் முடிவு இது: பியாஜே சொன்ன வரிசை பெரும்பாலும் நிற்கிறது, வயதுகள், அவர் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த வயதுகள். தேர்வில் எண்களை அப்படியே எழுதுங்கள், 'பியாஜேயின் கருத்துப்படி' என்ற சொற்களையும் சேர்த்து.

மறுமொழி 2 (முதுமை பற்றிய ஆய்வுகளில் ஈடுபாடு உள்ளவர்)

சோதிக்கும் முறை மாறினால் விடையும் மாறும் என்று முன்னவர் குழந்தைகளுக்குச் சொன்னது முதியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால், இரண்டாவது ஐயத்தை அங்கிருந்தே தொடர்கிறேன். 'இருபதுக்குப் பிறகு இறக்கம்' என்ற படம், 20, 40, 60, 70 வயதினரை ஒரே நாளில் சோதித்து, புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டதால் வந்தது. குறுக்குவெட்டு ஆய்வு என்று உங்கள் நூலில் இருக்கும். ஆனால் அந்த 70 வயதுக்காரர் 20 வயதில் என்ன மதிப்பெண் பெற்றிருப்பார் என்பதை அந்தக் கோடு சொல்லாது. அவர் காலத்துப் பள்ளிப்படிப்பும் ஊட்டமும் மருத்துவமும் வேறு. தலைமுறைகளுக்கு இடையே உள்ள வேற்றுமையை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்ததோடு, ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. குறுக்குவெட்டில் இளமையிலேயே சரியத் தொடங்கிய திறன்கள் பலவும், தொடர்ந்து பின்பற்றிப் பார்த்தபோது நடுவயதுவரை உயர்ந்தன அல்லது நிலைத்துநின்றன. சராசரியாகப் பார்த்தால் தெளிவான சரிவு அறுபதுகளில்தான் தென்பட்டது. விரைவாகப் பார்த்து ஒப்பிடும் திறன் மட்டும் முன்னதாகவே குறைந்தது. ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் பிரித்துச்சொன்ன இரண்டு வகை நுண்ணறிவை நீங்கள் படித்திருப்பீர்கள்: புதிய சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் முன்னதாகக் குறைகிறது, சொல்வளம் போன்ற சேர்த்துவைத்த அறிவு நெடுங்காலம் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தட்டச்சர்களைப் பற்றியது. திமதி சால்ட்ஹவுஸ் 1984இல் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். விளக்கு எரிந்ததும் விசையை அழுத்து என்பதுபோன்ற எளிய சோதனைகளில், வயது கூடக்கூட வேகம் எதிர்பார்த்தபடியே குறைந்தது. உண்மையான தட்டச்சு வேகமோ குறையவில்லை. மூத்த தட்டச்சர்களின் கண், விரல் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்தைத் தாண்டி இளையவர்களைவிட அதிகத் தொலைவு முன்னே ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான் அவர் காரணமாகக் கண்டார். வரவிருக்கும் எழுத்துகளை மறைத்தபோது மூத்தவர்களின் வேகமே அதிகமாக அடிபட்டது. விரல் இழந்ததைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது!

பால் பால்ட்டெஸ் இதைத் தேர்ந்தெடுத்தல், மெருகேற்றல், ஈடுசெய்தல் என்று மூன்றாக வகுத்தார். அவர் காட்டிய சான்று பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். முதுமையில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, குறைவான படைப்புகளையே வாசிப்பதாகவும், அவற்றை அதிகமாகப் பயிற்சி செய்வதாகவும், விரைவான பகுதிக்குச் சற்று முன்பு வேகத்தைக் குறைத்துக்கொள்வதாகவும், அதனால் அடுத்து வருவது விரைவாகக் கேட்பதாகவும் அவர் சொன்னாராம்.

மறுமொழி 3 (மூத்தோருக்கான மனநலப் பிரிவில் பணியாற்றுபவர்)

மறுமொழி 2ஐ ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு 'சரிவே இல்லை' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நெடுங்காலத் தொடராய்வுக்கும் குறை உண்டு. நோயுற்றவர்களும் தளர்ந்தவர்களும் அடுத்த சுற்றுக்கு வருவதில்லை. வருபவர்கள் அதே சோதனையை முன்பே எழுதிப் பழகியவர்கள். இரண்டும் கோட்டைச் சற்று மேலே தூக்கிக்காட்டும். புதிய பெயர்கள் நினைவில் தங்காமை, இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்யும்போது தடுமாறுதல் ஆகியவை இயல்பான முதுமையிலும் வரும். மறதிநோய் வேறு, பெயர் மறப்பது ஒன்று, நன்கு பழகிய வழியிலேயே திசை தெரியாமல் நிற்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்கும் பாடநூல்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

நடுவயது சமதளம் என்ற எண்ணத்துக்கும் ஒரு மாற்றுச் சான்று தருகிறேன். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயதுவரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பப் பூசல் எனப் பல இடர்கள் ஒருசேர அமைந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பது எல்லா நூல்களிலும் வரும். குமரப் பருவத்தில் தடம்புரண்ட மற்றவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிலைபெற்றுவிட்டார்கள் என்ற அடுத்த பாதியைப் பலர் எழுதுவதில்லை. மீண்டும் தொடங்கிய படிப்பு, ஒரு வேலை, நல்ல துணை ஆகியவை அவர்களுக்குத் திருப்பமாக அமைந்தன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்து, மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சோதித்துப் பார்த்தேன். உடனே விட்டால் புதிய துண்டுக்கே வருகிறான். ஐந்து எண்ணும்வரை இரு கைகளையும் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்து விட்டால், பழைய துண்டுக்குப் போகிறான். ஆனால் ஒருமுறை எனக்குப் புரியாத ஒன்று நடந்தது: கை பழைய துண்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே, கண் புதிய துண்டின் மேல் இருந்தது. இது தற்செயலா?

மறுமொழி 1, மீண்டும்

தற்செயலாக இருக்கலாம், ஆனால் அதே காட்சியை ஆய்வாளர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். பலமுறை வெற்றி தந்த அசைவை அடக்கிவைக்க மூளையின் முன்நெற்றிப் பகுதி தேர்ச்சி பெற வேண்டும் என்பது டயமண்டின் விளக்கம். அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இடம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கைதான் பழக்கத்தின் வழியே போய்விட்டது என்று அவர் வழியில் நின்று சொல்லலாம். அடுத்த மாதம் இதே நாளில் ஏழு எண்ணிப் பாருங்கள். கைகளைப் பிடித்துக்கொள்ளும்போது அவன் கவனம் துண்டுகளிலிருந்து விலகி உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் குறித்துவையுங்கள், அதுவும் விடையை மாற்றும்.